கறிவேப்பிலையும் கோபன்ஹேகனின் கண்ணாடி வீடும்

என் மகன் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் குடியிருக்கும் வீட்டின் சமையலறை சன்னலோரத்தில், ஒரு சிறு தொட்டியில், கறிவேப்பிலைக் கன்று ஒன்று இருக்கிறது. கடந்த ஜூன் மாதம் அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாள் காலையில் அந்தக் கன்றைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுகளாக வளர்கிறது. முழங்கால் உயரம்கூட வரவில்லை. ஆனாலும் ஒவ்வோர் இலையும் பழுதின்றி இருந்தது. ஓர் ஓட்டை இல்லை, கடித்த விளிம்பு இல்லை, புழுவின் எச்சம் இல்லை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் தாவரவியல் கற்பித்தவள் என்பதால் முதலில் மகிழ்ந்தேன். பிறகு அந்தப் பழுதின்மையே என்னை என்னவோ செய்தது. எங்கள் பொறையாற்று வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்தில் இப்படி ஒரு கொத்தைத் தேடி எடுக்க முடியாது.

அந்த வாரக் கடைசியில் மகனும் மருமகளும் பேத்தியும் என்னைக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார்கள். நோரபோர்ட் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் வாசல் வந்துவிடுகிறது. எதிர்ப்புறத்தில் நான்காம் கிறிஸ்டியன் மன்னர் கட்டிய ரோஸன்போர்க் அரண்மனை. அந்த மன்னரின் பெயரைக் கேட்டதும் எனக்குத் தரங்கம்பாடி நினைவு வந்ததில் வியப்பில்லை; எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் டேனிஷ் கோட்டையைப் பார்க்கப் போகும் சுற்றுலாவில் முதலில் கேட்கும் அரசர் பெயர் அது. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனியர்கள் 1620 இல் தரங்கம்பாடியில் கால் ஊன்றியது அவருடைய ஆட்சியில்தான். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, 1600 இல், மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை அறிந்துகொள்வதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு நிலம் கொடுத்துத் தோட்டம் வைக்கச் செய்தவரும் அவரே. எங்கள் கடற்கரையில் இருக்கும் கோட்டைக்கும் இந்தத் தோட்டத்துக்கும் ஒரே மன்னர்தான் தொடக்கம் என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்குத் தைத்தது.

தோட்டம் முதலில் இருந்த இடம் இதுவன்று. ஊருக்குள் சில முறை இடம் மாறி, கடைசியில் 1870 க்குப் பிறகுதான் இங்கே வந்தது. 1874 இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நகரின் பழைய கோட்டை மண்மேடுகளும் அகழியும் இருந்த நிலம் இது. அகழியின் ஒரு பகுதியை அப்படியே குளமாக விட்டுவிட்டு, மண்மேடுகளைப் பாறைச்செடிகளுக்கான சரிவுகளாக்கியிருக்கிறார்கள். பத்து ஹெக்டேர் பரப்பு. சிறிதும் பெரிதுமாக இருபத்தேழு கண்ணாடி வீடுகள். தோட்டத்துக்குள் நடக்கக் கட்டணமில்லை. பனை மாளிகைக்குள் போக நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்.

பனை மாளிகை என்று நான் எழுதுவது அந்த இருபத்தேழில் பெரியதை. கார்ல்ஸ்பெர்க் மதுவாலையை நிறுவிய ஜே. சி. யாகோப்சன் என்பவரின் முயற்சியால் எழுந்தது அது. 1851 இல் லண்டனில் கட்டப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் என்னும் கண்ணாடி மாளிகையைப் போல ஒன்று தம் ஊரிலும் வேண்டும் என்று அவர் விரும்பினார். நடுவில் பதினாறு மீட்டர் உயரத்தில் வட்டக் கூடம். வார்ப்பிரும்புத் தூண்கள், அவற்றின் நடுவே சுருண்டு ஏறும் குறுகலான இரும்புப் படிகள். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்த கணத்தில் என் மூக்குக்கண்ணாடி வேர்த்து வெண்மையாகிவிட்டது. அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. மணம் மட்டும் வந்தது. மழை பெய்து ஓய்ந்த வாழைக்கொல்லையின் மணம். ஊரைவிட்டு வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது என்றாலும் தொண்டை அடைத்துக்கொண்டது.

முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் இரும்புப் படிகளில் மேலே ஏறினேன். மேல்நடையிலிருந்து பார்த்தால் பனைகளின் உச்சிக்குருத்து கண்ணெதிரே இருக்கிறது. ஊரில் பனையையும் தென்னையையும் எப்போதும் கீழிருந்து அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். ஏறுபவர் கண்டது எனக்குக் கிட்டியதில்லை. குருத்தோலை மடிப்பு மடிப்பாக, விசிறியைப் போல இறுக மடிந்திருப்பதை அறுபத்து நான்கு வயதில் முதன்முறையாக மேலிருந்து பார்த்தேன். பாடப்புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்தவள் நான். அன்றைக்கு அந்தக் குருத்தின் முன்னால் மாணவியாக நின்றேன்.

தோட்டத்தில் இதற்கு நேரெதிரான கண்ணாடி வீடும் ஒன்று உண்டு. கிரீன்லாந்து முதலிய வடதுருவப் பகுதிகளின் செடிகள் டென்மார்க்கின் கோடையைக்கூடத் தாங்காதாம். அவற்றுக்காகக் குளிரூட்டிய வீடு வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டைச் சுடவைத்தும் மற்றொன்றைக் குளிரவைத்தும் பூமியின் இரு கோடிகளையும் ஒரே வேலிக்குள் காத்து வருகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார். அந்த இரு கோடிகளையும் தம் காலாலேயே அளந்தவர் அவர்.

ஜோஹன் ஜெரார்டு கோனிக் 1728 இல் பால்டிக் கடலோர லிவோனியாவில் பிறந்தவர். சுவீடனில் லின்னேயஸ் என்னும் தாவரவியல் அறிஞரிடம் பாடம் கேட்டவர். பிறகு டென்மார்க் வந்து, செடி சேகரிப்பதற்காக 1760 களில் ஐஸ்லாந்துக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பனிநாட்டில் பாசியும் புல்லும் சேகரித்த அதே மனிதர் 1768 இல் தரங்கம்பாடியில், அங்கிருந்த கிறித்துவ மிஷனின் மருத்துவராக வந்து இறங்கினார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, சோழமண்டலக் கரையெங்கும் செடிகளைத் தேடி அலைந்தார். ஒவ்வோர் உயிரினத்துக்கும் இரண்டு சொல்லில் பெயர் வைக்க லின்னேயஸ் வகுத்த இருசொற்பெயர் முறையை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்களில் முதல்வர் அவரே. பின்னாளில் ஆற்காட்டு நவாபிடமும் ஆங்கிலேயக் கம்பெனியிடமும் வேலை பார்த்து, சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) மலாக்காவுக்கும் பயணம் செய்து, 1785 இல் காக்கிநாடா அருகில் சீதபேதியால் இறந்தார். அவர் வைத்த விதை அத்தோடு போகவில்லை. தரங்கம்பாடியில் மிஷனரிகள் சிலர் செடிகளை உலர்த்தி, பெயரிட்டு, தமக்குள் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ரோட்லர், பெரிய தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தவர். செடியின் பெயரைக் கேட்டுக் கேட்டே அந்த மனிதருக்குத் தமிழ்ச்சொற்களின் மேல் பற்று வந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அந்தக் காலத்தில் உயிருள்ள செடி கப்பலில் பல மாதம் உப்புக்காற்றைத் தாங்கி ஐரோப்பா போய்ச் சேர்வது அரிது. ஆகவே போனவை பெரும்பாலும் காகிதத்தில் ஒட்டிய உலர்ந்த கிளைகளும் விதைகளும்தான். அவற்றுள் பல கோபன்ஹேகனுக்கு வந்தன. இங்கே பல்கலைக்கழகத் தோட்டத்தில் பணியாற்றிய மார்ட்டின் வால் முதலிய அறிஞர்கள் அவற்றைப் பார்த்து விவரித்தார்கள். கோனிக் அனுப்பிய செடிகளில் ஒன்றுக்கு லின்னேயஸ் அவர் பெயரையே வைத்தார். அந்த இருசொற்பெயரின் முதல் பாதியான பேரினப்பெயர் பெர்கெரா என்று தொடங்கி, முர்ராயா என்று மாறி, இப்போது மீண்டும் பெர்கெராவுக்கே திரும்பியிருக்கிறது. ‘கொயினிகி’ என்னும் பின்பாதி மட்டும் மாறவே இல்லை. அந்தச் செடிதான் நம் கறிவேப்பிலை. பெரும்பாணாற்றுப்படை அதைக் ‘கஞ்சகம்’ என்று சொல்லுகிறது. அதாவது, கோனிக் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே நம் சமையலில் அதற்குப் பெயரும் இடமும் இருந்தன. நாள்தோறும் குழம்பில் தாளிக்கும் இலையில் ஐஸ்லாந்தில் நடந்த ஒரு மனிதரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பனை மாளிகையை முடித்துக்கொண்டு பட்டாம்பூச்சி வீட்டுக்குப் போனோம். கோடைக் காலத்தில் மட்டும் திறந்திருக்கும் வெப்பமண்டலக் கண்ணாடி வீடு அது. டேனிஷ் மொழியில் பட்டாம்பூச்சிக்கு ‘ஸோமர்ஃபுல்’ என்று பெயர் என்றும், சொல்லைப் பிரித்தால் கோடைப்பறவை என்று பொருள் என்றும் பேத்தி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆண்டில் பாதி இருட்டாக இருக்கும் ஊரில், டிசம்பரில் ஏழு மணி நேரம்தான் பகல் வெளிச்சம் கிடைக்கும் ஊரில், வேறு எந்தப் பெயரை வைக்க முடியும்?

இரட்டைக் கதவு வைத்திருக்கிறார்கள். ஒன்று மூடிய பிறகே மற்றொன்றைத் திறக்க வேண்டும். உள்ளே போனதும் பேத்தி அசையாமல் நின்றுவிட்டாள். உள்ளங்கையை விடப் பெரிய நீல மார்ஃபோ பட்டாம்பூச்சி ஒன்று அவள் தலைக்கு மேலே போனது. அந்த நீலத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன். இறக்கைச் செதில்களில் நீல நிறமி எதுவும் கிடையாது. செதிலின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் அடுக்கடுக்காக இருந்து, விழும் ஒளியில் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. இறக்கையின் அடிப்புறமோ சருகின் நிறம். அதனால் பறக்கும்போது மின்னி மின்னி மறைகிறது. உட்கார்ந்து இறக்கையை மூடியதும் இருந்த இடமே தெரியவில்லை. ஒரு தட்டில் நன்றாகக் கனிந்து கறுத்த வாழைப்பழத் துண்டுகளை வைத்திருந்தார்கள். ஆந்தைக் கண் போன்ற பெரிய புள்ளி கொண்ட காலிகோ வகைப் பூச்சிகள் அதில் நான்கைந்து, சுருண்ட குழலை நீட்டிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. இவை பூவைத் தேடுவதில்லை. புளித்த பழம்தான் உணவு. பூந்தேன் குடிக்கும் வகைகளுக்காக உன்னிச்செடியைத் தொட்டி தொட்டியாக வைத்துப் பேணுகிறார்கள். தோட்டச்செடியாக நம் நாட்டுக்கு வந்து மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைப் புதராக மூடிவிட்ட அதே உன்னி.

ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டி. அதனுள் வரிசையாகக் கூட்டுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. சில பச்சை மணி போல, சில காய்ந்த இலைச்சுருள் போல, சில பொன் தடவியது போல. ஐரோப்பாவின் பட்டாம்பூச்சி வீடுகளுக்குக் கோஸ்டாரிகா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளின் பண்ணைகளிலிருந்து கூட்டுப்புழுக்கள் விமானத்தில் வருகின்றன. உண்ணாமலும் நகராமலும் இருக்கும் பருவம் என்பதால் அந்த நிலையில் மட்டுமே இவ்வளவு தொலைவு அனுப்ப முடியும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கூடு பிளந்தது. ஈரத்தில் கசங்கிய துணி போன்ற இறக்கைகளோடு பூச்சி வெளியே வந்து, காலிக் கூட்டையே பற்றிக்கொண்டு தொங்கியது. வயிற்றை அது விட்டுவிட்டுச் சுருக்க, உடல்நீர் நரம்புகளில் ஏறி இறக்கை மெல்ல மெல்ல விரிந்தது. அடியில் செந்நிறத் துளி ஒன்று சொட்டியது. பேத்தி பயந்துபோய், “இரத்தமா பாட்டி?” என்று கேட்டாள். கூட்டுக்குள் இருந்த காலமெல்லாம் சேர்ந்த கழிவு அது, வலி எதுவும் இல்லை என்று சொன்னேன். இறக்கை முழுதும் விரிந்து உலரும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அவளுக்காகக் காத்திருந்தபோதுதான் என் கண்ணில் அது பட்டது. கருநிறம், பின்னிறக்கையில் வெண்திட்டும் சிவப்புப் பிறைகளும், வால்போல் நீண்ட நுனி. எங்கள் கொல்லையில் பார்க்கும் கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சியின் பெண்! இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கும் இனம் என்பதால் அது இங்கே வந்துசேர்ந்ததில் வியக்க ஒன்றும் இல்லை என்று அறிவு சொன்னது. மனம் கேட்கவில்லை, சொந்த ஊர்க்காரர் ஒருவரைப் பேருந்து நிலையத்தில் கண்டதைப் போல அதன் பின்னாலேயே போனேன்.

இந்த இனத்தின் பெண்ணுக்கு ஒரு தனிக்கதை உண்டு. ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று வளரும் சிவந்த உடல் கொண்ட அழகிப் பட்டாம்பூச்சிகள் சில இருக்கின்றன. கொடியின் நஞ்சு உடலில் சேர்வதால் அவற்றைப் பறவைகள் தீண்டுவதில்லை. கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்களில் பல அந்த நச்சுப்பூச்சிகளின் உடையை அப்படியே உடுத்திக்கொண்டு பிழைக்கின்றன. வேறு சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். ஒரே தாயின் பிள்ளைகளிடம் இத்தனை உடை மாற்றம் எப்படி என்ற கேள்விக்கு, ஆண் பெண் வேறுபாட்டை வகுக்கும் ஒற்றை மரபணுவே காரணம் என்று 2014 இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

அந்தப் பெண்பூச்சி பூவுக்குப் போகவில்லை. ஒரு செம்பருத்தி இலையில் இறங்கி, முன்கால்களால் இலையைப் படபடவென்று தட்டியது. எழுந்து வாழை இலைக்குப் போய்த் தட்டியது. பிறகு ஒரு கொடியில், பிறகு ஒரு பெரணியில். பட்டாம்பூச்சிகளுக்குக் காலிலும் சுவை தெரியும்; முட்டையிட வந்த பெண் இப்படித் தட்டித்தான் இலையின் சாற்றை அறிந்து, தன் பிள்ளை தின்னக்கூடிய செடி இதுவா என்று உறுதி செய்துகொள்ளும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் என்று அந்த ஒரு குடும்பத்துச் செடிகளில் மட்டுமே இந்த இனம் முட்டையிடும். பதினைந்து நிமிடம் பார்த்தேன். ஏறத்தாழ இருபது இலைகளைத் தட்டிப் பார்த்திருக்கும். ஒன்றிலும் முட்டை வைக்கவில்லை.

தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த தோட்டப் பணியாளரிடம் மகன் மூலமாகக் கேட்டேன். புழுக்கள் பெருகினால் காட்சிச் செடிகள் மொட்டையாகிவிடும் என்றும், பூச்சிக்கொல்லி எதுவும் இங்கே தெளிக்க முடியாது என்பதால் புழு தின்னும் செடிகளைத் தெரிந்தே தவிர்ப்பதாகவும் அவர் பொறுமையாக விளக்கினார். அயல்நாட்டுப் பூச்சி வெளியே பெருகிவிடக் கூடாது என்ற கவனமும் உண்டு. வாசலருகே ஒரு நிலைக்கண்ணாடி இருந்தது. உடையில் ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகே வெளியேற வேண்டும்.

அவர் சொன்னது நியாயம். அந்த வீட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மழைக்காட்டைக் காணாத பிள்ளைகள் ஒரு கூடு பிளப்பதை அங்கே கண்ணால் காண்கிறார்கள். கூட்டுப்புழுவை விற்று வாழும் பண்ணைக்காரருக்கு அருகிலிருக்கும் காட்டை வெட்டாமல் வைத்திருக்க ஒரு காரணமும் கிடைக்கிறது. ஆனாலும் அந்தத் தட்டல் ஓசை எனக்குக் கேட்டதாகவே தோன்றியது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கரையிலிருந்து செடி பெயரோடு வந்தது; அதன் பூச்சி வரவில்லை. இப்போது பூச்சி வந்திருக்கிறது. அதற்கு உரிய செடி இல்லை. செடி தொட்டியில் பழுதின்றி என் மகனின் சமையலறையில் நிற்கிறது; பூச்சி அதே ஊரில் கண்ணாடிக்குள் இலை இலையாகத் தட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் என் கொல்லையில்தான் இருக்கிறது. அங்கே நாங்கள் என்ன செய்து வந்தோம்?

என் மாமியார் கறிவேப்பிலை பறிக்கும்போது புழுவைக் கண்டால் கிளையோடு ஒடித்து மிதித்துவிடுவார். அவருக்குப் பிறகு நானும் அதைத்தான் செய்தேன். இளம்பருவத்துப் புழு பறவை எச்சத்தைப் போலக் கருப்பும் வெள்ளையுமாக அருவருப்பாக இருக்கும். கடைசிப் பருவத்தில் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டை போன்ற கொம்பை நீட்டி, கசந்த நெடியை வீசும். வகுப்பில் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் போட்டு நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தச் சுழற்சியை நானே காலால் நசுக்கியிருக்கிறேன். இதை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு மரத்தில் பத்துப் புழு தின்றாலும் நம் குழம்புக்கு இலை குறைவதில்லை. கவாத்துச் செய்த மரத்தைப் போல அது மீண்டும் தளிர்க்கிறது.

ஆகஸ்ட் மாதம் ஊர் திரும்பினேன். வந்த இரண்டாம் நாளே கொல்லைக்குப் போய் மரத்தைப் பார்த்தேன். தளிர் இலையின் விளிம்பில், கடுகளவில், வெளிர்மஞ்சள் முட்டைகள் ஒவ்வொன்றாக வைக்கப்பட்டிருந்தன. கறிவேப்பிலை வாங்க வரும் அண்டை வீட்டாரிடம் தெற்குப் பக்கக் கிளைகளில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பேத்தி வாரம் இருமுறை காணொளி அழைப்பில் வந்து புழுக்களை எண்ணச் சொல்லுகிறாள். ஒன்பதில் நான்கைத் தவிட்டுக்குருவி கொத்திக்கொண்டு போனது. ஒன்று குளவியால் செத்தது. மிச்சமுள்ள நான்கில் ஒன்று மரத்தைவிட்டு இறங்கி, கிணற்றடிச் சுவரில் ஏறி, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டிக்கொண்டு கூடாகிவிட்டது.

இன்றோடு பதினோரு நாள். காலையில் பல் துலக்கப் போனபோது பார்த்தேன்; கூட்டின் பச்சை வெளுத்து, உள்ளே மடித்து வைத்த இறக்கையின் கருமையும் ஒரு சிவப்புப் பொட்டும் தெரிகின்றன. கோபன்ஹேகனில் இன்னும் விடியவில்லை. பேத்தி எழுந்ததும் அழைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.